ஏர் பிஸ்டலில் ரெட் டாட்: புள்ளி நடுவில் இருந்தும் பெல்லட் ஏன் தள்ளி விழுகிறது?

"10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ரெட் டாட் பொருத்திப் பயிற்சி செய்கிறேன். ஒரு சீரீஸ் நெருக்கமாக விழுகிறது. அடுத்த சீரீஸும் அதே நெருக்கம்தான், ஆனால் ஒரு ரிங் தள்ளி விழுகிறது. புள்ளியோ ஒரு நொடிகூட நிற்பதில்லை. சைட்டில் கோளாறா, என்னிடம் கோளாறா?" என்பது கேள்வி. ரெட் டாட் என்பது சின்னக் கண்ணாடி ஜன்னலில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் சைட் (குறிபார்க்கும் கருவி); அந்தப் புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டும். பெல்லட் என்பது ஏர் பிஸ்டலின் சின்னக் குண்டு.

இதில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. குரூப் (ஷாட்டுகள் விழுந்த இடங்களின் கூட்டம்) நெருக்கமாகவே இருந்து இடம் மட்டும் மாறுவது, பெரும்பாலும் கண்ணும் சைட்டும் ஒரே கோட்டில் வராததால் வருவது. புள்ளி ஆடுவது எல்லோருக்கும் உள்ளது. அந்த ஆட்டத்தைப் பார்த்து விரல் செய்யும் அவசரம்தான் அங்கே ஸ்கோரைக் கெடுக்கிறது. முதல் சிக்கலைப் பலரும் நம்ப மறுப்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் (ரியர் சைட்டின் வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட்டை வைத்துக் குறிபார்ப்பது) மட்டுமே அனுமதி. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டலும் அப்படித்தான். ரெட் டாட், லேசர், லென்ஸ் வைத்த சைட் எதுவும் கூடாது. ஆகவே இங்கே சொல்வது பயிற்சிக்கும், ரெட் டாட்டை ஏற்கும் கிளப் போட்டிகளுக்கும், வயதால் ஃப்ரண்ட் சைட் மங்கித் தெரிவதால் டாட்டுக்கு மாறியவர்களுக்கும்தான்.

ரெட் டாட் வாங்கும்போது எல்லோரும் கேட்கும் வாசகம், "புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே குண்டு போகும், கண் எங்கே இருந்தாலும் பரவாயில்லை" என்பது. நீண்ட தூரத்தில், இலக்கும் பெரிதாக இருக்கும்போது, இது ஏறக்குறைய சரி. 10 மீட்டரில், 11.5 மி.மீ. குறுக்களவுள்ள பத்து ரிங்கை நோக்கிச் சுடும்போது இது சரியல்ல. காரணம் பாரலாக்ஸ். சைட்டின் லென்ஸ் புள்ளியை ஏதோ ஒரு தூரத்தில் இருப்பதுபோல் காட்டுகிறது. பல சைட்டுகளில் அந்தத் தூரம் 50 கஜம், அதாவது சுமார் 46 மீட்டர். சிலவற்றில் அதைவிட வெகுதூரம். இலக்கு அந்தத் தூரத்தில் இல்லாதபோது, கண் நகர்ந்தால் புள்ளியும் இலக்கின் மேல் நகரும்.

எவ்வளவு நகரும் என்பது எளிய கணக்கு. சைட் ஜன்னலின் நடுவிலிருந்து புள்ளி எத்தனை மி.மீ. விலகியிருக்கிறதோ, அதை (1 − 10/46) ஆல் பெருக்குங்கள். அதாவது விலகலில் 78 சதவீதம் இலக்கில் பிழையாக வரும். புள்ளி 5 மி.மீ. விலகியிருந்தால் பிழை சுமார் 4 மி.மீ. ஜன்னல் 20 மி.மீ. அகலம் என்றால் அதன் ஓரம் நடுவிலிருந்து 10 மி.மீ.; அங்கே புள்ளியை வைத்துச் சுட்டால் பிழை கிட்டத்தட்ட 8 மி.மீ. ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு ரிங்குக்கும் அடுத்த ரிங்குக்கும் இடைவெளி சரியாக 8 மி.மீ. உங்கள் குரூப் ஒரு ரிங் தள்ளிப் போவதற்கு இந்த ஒரு காரணமே போதும். ஒரு ரிங்கைப் பத்தாகப் பிரித்து எண்ணும் தசம ஸ்கோரில் பார்த்தால் 0.8 மி.மீ.க்கு 0.1 குறையும், புள்ளி வெறும் 2 மி.மீ. விலகியிருந்தாலே ஒவ்வொரு ஷாட்டிலும் 0.2 போகலாம். விலை குறைந்த சைட்டுகளில் லென்ஸின் ஓரத்தில் பிழை இன்னும் கூடும்.

திசையையும் தெரிந்துகொள்ளுங்கள், பிழையைக் கண்டுபிடிக்க உதவும். புள்ளி இலக்கின் நடுவில் இருக்கிறது, ஆனால் ஜன்னலின் வலப்பக்கம் தெரிகிறது என்றால், பெல்லட் இடப்பக்கம் விழும். ஜன்னலின் மேல்பகுதியில் தெரிந்தால் கீழே விழும். எப்போதும் எதிர்ப்பக்கம்தான்.

உங்கள் சைட்டில் இது எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. பிஸ்டலில் பெல்லட் இல்லை, பெல்லட் போடும் இடத்தின் மூடி திறந்திருக்கிறது என்பதை உறுதி செய்துகொண்டு, மணல் பைகளின் மேல் அசையாமல் வையுங்கள். புள்ளி கருப்பு வட்டத்தின் நடுவில் வரும்படி செய்யுங்கள். இனி பிஸ்டலைத் தொடாமல் கையை நீட்டிச் சுடும் தூரத்திலிருந்து தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும், மேலும் கீழும் நகர்த்துங்கள். புள்ளி ஜன்னலின் ஓரத்துக்குப் போகும்போது டார்கெட்டில் எந்த ரிங்கில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குள்ளேயே நின்றால் நல்ல சைட். எட்டுக்கும் வெளியே போனால், அந்தச் சைட்டை வைத்து ஒழுங்காகச் சுட முடியும்தான், ஆனால் புள்ளியை ஜன்னலின் நடுவில் நிறுத்தும் பழக்கம் அதற்குக் கட்டாயம்.

அந்தப் பழக்கம் கண்ணில் தொடங்குவதில்லை, கிரிப்பில் தொடங்குகிறது. கண்ணை மூடி, உங்கள் வழக்கமான நிலையில் நின்று, பிஸ்டலை உயர்த்தி, இலக்குக்கு இறக்கி, பிறகு கண்ணைத் திறங்கள். புள்ளி எங்கே? ஜன்னலின் நடுவில், கருப்பு வட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். புள்ளியே தெரியவில்லை என்றால், குழலின் முனை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கமாகப் புள்ளி வெளியே போயிருக்கிறது. திறந்த சைட்டிலிருந்து மாறியவர்களுக்கு அது பெரும்பாலும் மேலே போயிருக்கும்; சைட் உயரமாக உட்கார்ந்திருப்பதால் மணிக்கட்டு தானாகவே முனையைத் தூக்கிவிடுகிறது. முனையைத் தாழ்த்தினால் புள்ளி இறங்கி வரும்.

புள்ளி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தப்பினால், கையைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். பாதங்களின் கோணத்தைச் சற்று மாற்றுங்கள். அது போதாவிட்டால், உள்ளங்கை கிரிப்பில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். மேட்ச் பிஸ்டல் கிரிப்பில் உள்ளங்கையைத் தாங்கும் பலகை இருக்கும். அது தளர்வாக இருந்தால் கை ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் உட்காரும், மணிக்கட்டும் வேறு கோணத்தில் பூட்டும். பல பிஸ்டல்களில் கிரிப்பின் கோணத்தையும் மாற்ற முடியும். கண்ணை மூடித் தூக்கும் சோதனையில், தொடர்ந்து பல முறை புள்ளி ஜன்னலின் நடுப்பகுதியில் வரும்வரை இதில் நேரம் செலவிடுவது வீணே இல்லை. தலையையும் கவனியுங்கள். கன்னம் எங்கும் ஒட்டாத ஆயுதம் இது. தலை நேராக, கழுத்து தளர்வாக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சைட்டைத் தேடித் தலையைக் குனிப்பதே பலருக்கும் பாரலாக்ஸ் பிழையின் ஊற்றுக்கண்.

இன்னும் கறாராகப் பழக ஒரு வழி உண்டு. சைட்டின் முன்கண்ணாடியில், அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்தில், மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் 10 மி.மீ. வட்டத்தை மட்டும் திறந்து விடுங்கள். இலக்கு அந்த ஓட்டை வழியாக மட்டுமே தெரியும், அதனால் புள்ளியும் நடுவில் இருந்தே தீர வேண்டும். பாரலாக்ஸ் பிழை அதிகபட்சம் 4 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஒளி உமிழும் பகுதியை டேப் மறைக்கக் கூடாது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மறுகண் இலக்கைப் பார்த்து இந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டிவிடும். எனவே மறுகண்ணுக்கு முன் வெண்மையான, ஒளி ஊடுருவும் மறைப்பு ஒன்றை வையுங்கள். கருப்புத் துணி வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டு, ஒரு கண்ணுக்கு வெளிச்சம் என்றானால் பாவை விரிந்து புள்ளி மங்கலாகப் பரவித் தெரியும்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு பிழை, பிஸ்டலைச் சாய்த்துப் பிடிப்பது. திறந்த சைட்டில் ரியர் சைட்டின் சதுர வெட்டும் ஃப்ரண்ட் சைட்டின் தட்டையான தலையும் சாய்வைக் கண்ணுக்குக் காட்டிவிடும். வட்டப் புள்ளி அப்படி எதுவும் காட்டாது. குழாய் வடிவ சைட் என்றால் இன்னும் மோசம். பெல்லட் விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், 10 மீட்டரில் புவியீர்ப்பு அதைச் சுமார் 22 மி.மீ. கீழே இழுக்கிறது. சைட்டைச் சரிசெய்தபோது அந்த 22 மி.மீ.யையும் சேர்த்தே ஈடுகட்டியிருக்கிறோம். பிஸ்டலை வலப்பக்கம் 10 பாகை சாய்த்தால் அந்த ஈடு வலப்பக்கம் சாய்ந்துவிடும். பெல்லட் கிட்டத்தட்ட 4 மி.மீ. வலப்பக்கம் போகும். உங்கள் உடலுக்கு இயல்பாகச் சற்றுச் சாய்வு வந்தால் அதை எதிர்த்துப் போராட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும் அதே சாய்வு இருக்க வேண்டும், அந்தச் சாய்விலேயே ஜீரோ (புள்ளி காட்டும் இடத்தில் பெல்லட் விழும்படி சைட்டைச் சரிசெய்வது) செய்திருக்க வேண்டும்.

இனி சைட்டைப் பொருத்துவது. பல ஏர் பிஸ்டல்களில் மேலே 11 மி.மீ. டவ்டெய்ல் ரெயில் (சைட்டைக் கவ்வி மாட்டுவதற்கான சரிவான பள்ளங்கள்) இருக்கும், வைராஹ் எச்.டபிள்யூ. 45, எச்.டபிள்யூ. 75 போன்றவற்றில் அப்படி. எச்.டபிள்யூ. 45 ஸ்பிரிங் பிஸ்டன் வகை. அதன் உதை சைட்டை மெல்ல மெல்ல நகர்த்தும். மவுண்டில் (சைட்டைப் பிஸ்டலோடு இணைக்கும் தாங்கி) நிறுத்து முள் இல்லாவிட்டால் நூறு ஷாட்டில் ஜீரோ போய்விடலாம். மேட்ச் பிசிபி (முன்பே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும்) பிஸ்டல் பலவற்றில் ரெயிலே இருக்காது. அந்தந்த மாடலுக்கென்று செய்த மவுண்ட் வாங்குங்கள். எந்த நிலையிலும் காற்றுச் சிலிண்டரில் துளை போடவோ அதை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியை மாட்டவோ கூடாது. அது உயர் அழுத்தப் பாத்திரம். திருகுகளுக்கு மெல்லிய திரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போட்டு இறுக்கி, திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று ஒரு பார்வையிலேயே தெரியும். குரூப் இடம் மாறியது என்றால் தன்னைத் திட்டிக்கொள்வதற்கு முன் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

எடை குறைந்த சைட்டையே தேர்ந்தெடுங்கள். 30 கிராம் அளவிலான சின்ன ரிஃப்ளெக்ஸ் சைட் பிஸ்டலின் சமநிலையை அதிகம் மாற்றாது. 100 கிராமைத் தாண்டிய குழாய் சைட், அதுவும் உயரமான மவுண்டில் முன்பக்கம் தள்ளி உட்கார்ந்தால், மணிக்கட்டு சீக்கிரம் களைக்கும். சீரீஸின் கடைசி ஷாட்டுகளில் அது தெரியும்.

புள்ளியின் அளவு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணக்கில் சொல்லப்படும். 10 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. 2.9 மி.மீ. அதனால் 4 எம்.ஓ.ஏ. புள்ளி 11.6 மி.மீ.; பத்து ரிங்கை அப்படியே மூடிவிடும். 2 எம்.ஓ.ஏ. என்றால் 5.8 மி.மீ.; உள் பத்து (பத்து ரிங்குக்குள் இருக்கும் சிறு வட்டம்) 5 மி.மீ. என்பதால் அதைவிடச் சற்றே பெரிது. காகிதத்தில் சிறிய புள்ளிதான் துல்லியம் என்று தோன்றும். கையில் அப்படி இல்லை. புள்ளி சிறிதாக இருந்தால் அதன் ஒவ்வொரு நடுக்கமும் கண்ணில் குத்தும், விரல் பயப்படும். ஒரு கையால் நின்று சுடுபவருக்கு 4 முதல் 6 எம்.ஓ.ஏ. வரை என்பதே என் பரிந்துரை.

பிரகாசத்தைக் குறைத்தே வையுங்கள். ஐ.எஸ்.எஸ்.எஃப். ரேஞ்சில் டார்கெட்டின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும். சுடுபவர் நிற்கும் இடம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தானியங்கிப் பிரகாசம் உள்ள சைட்டுகளை இப்படிப்பட்ட இடத்தில் நம்ப முடியாது. புள்ளி ஒரு ஷாட்டில் பெரிதாகவும் ஒரு ஷாட்டில் சிறிதாகவும் தெரியும். கைமுறைக்கு மாற்றி, கருப்பு வட்டத்தின் மேல் ஓரம் கூர்மையாகத் தெரியும் அளவுக்குக் குறைத்து, அந்த எண்ணை எழுதி வைத்து, அதிலேயே சுடுங்கள்.

புள்ளி நட்சத்திரம்போல், வால் நட்சத்திரம்போல் தெரிகிறதா? செல்ஃபோன் கேமராவால் சைட் வழியாகப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கண்ணில், பெரும்பாலும் அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை). தலையைச் சாய்த்தால் வாலும் சேர்ந்து சாயும். கண் மருத்துவரிடம் தூரப் பார்வைக்கான ஒரே பவர் கண்ணாடி வாங்கிக்கொள்வதே தீர்வு. ப்ரோக்ரெசிவ் கண்ணாடியோடு சுடாதீர்கள். தலை சற்று மேலே கீழே போனாலும் பவர் மாறி, புள்ளி இடம் மாறியதுபோல் தோன்றும்.

ஜீரோ செய்வதில் அவசரம் கூடாது. மணிக்கட்டையும் கிரிப்பையும் மணல் பையில் வைத்து (குழலை எதன் மேலும் சாய்க்காமல்) ஐந்து ஷாட். குரூப்பின் நடுவை மட்டும் பாருங்கள். நடு 12 மி.மீ. இடப்பக்கம் இருந்தால், ஒரு கிளிக் (சரிசெய்யும் திருகின் ஒரு படி) 1 எம்.ஓ.ஏ. என்று உள்ள சைட்டில் வலப்பக்கம் நான்கு கிளிக். சில சைட்டுகளில் அம்புக்குறி பெல்லட் நகரும் திசையைக் காட்டும், சிலவற்றில் புள்ளி நகரும் திசையை, இரண்டும் எதிரெதிர். முதல் முறை மூன்று கிளிக் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கிளிக் செய்தபின் சைட்டை விரலால் லேசாகத் தட்டிவிட்டு இரண்டு ஷாட் விட்டு, பிறகு ஐந்து ஷாட் பாருங்கள்; திருகுகளில் சற்றுத் தளர்வு இருந்தால் அது அப்போது உட்கார்ந்துவிடும். கடைசி ஜீரோ, மேசையில் அல்ல, நின்று ஒரு கையால் சுட்ட பத்து ஷாட்டின் நடுவை வைத்தே. மேசையில் வரும் ஜீரோவும் நின்று சுடும்போது வரும் ஜீரோவும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

வீட்டில் 5 மீட்டரில் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சைட் குழலுக்கு 40 மி.மீ. மேலே இருந்து, 10 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால், 5 மீட்டரில் பெல்லட் சுமார் 15 மி.மீ. கீழே விழும். அதைப் பார்த்து கிளிக் போட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போனால் அங்கே எல்லாம் மேலே விழும். 5 மீட்டரில் விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு சைட்டைத் தொடாமல் விடுங்கள்.

இப்போது புள்ளி ஆடுவது. மணிக்கட்டு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் 10 மீட்டரில் 17 மி.மீ., அதாவது இரண்டு ரிங்குக்கும் மேல். கை மொத்தமாக 5 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ. அளவே நகரும். திறந்த சைட்டில் இந்த இரண்டையும் கண் ஓரளவு தனித்தனியாகப் பார்க்கும். ரெட் டாட்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து புள்ளியின் ஆட்டமாகத் தெரிகிறது. அதனால்தான் "டாட் போட்டதும் நான் இவ்வளவு நடுங்குகிறேனா" என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. கை முன்பும் இப்படித்தான் ஆடியது. இப்போது கண் அதைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

பார்வை புள்ளியில் இருக்கக் கூடாது, டார்கெட்டில் இருக்க வேண்டும். ஃப்ரண்ட் சைட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மாற்றிக்கொள்ளக் கடினமான பழக்கம். கருப்பு வட்டத்தின் ஓரத்தைக் கூர்மையாகப் பாருங்கள்; புள்ளி அதன் மேல் மிதக்கட்டும். புள்ளி நடுவைக் கடக்கும் அந்த நொடியில் டிரிக்கரை இழுப்பதுதான் ஆட்டத்தைவிடப் பெரிய எதிரி. அந்த இழுப்பு மணிக்கட்டைத் திருப்பிவிடும், வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே.

டிரிக்கரின் கட்டங்களைப் புள்ளியின் நகர்வோடு இணையுங்கள். பிஸ்டலை டார்கெட்டுக்கு மேலே தூக்கி மெல்ல இறக்குங்கள்; புள்ளி கருப்பு வட்டத்தின் மேல் ஓரத்தைத் தொடும்போது முதல் கட்டம் (விரலுக்குத் தடை தட்டுப்படும்வரையான இழுப்பு) முழுவதும் எடுத்திருக்க வேண்டும். 500 கிராம் டிரிக்கரில் முதல் கட்டத்துக்குப் பெரும்பங்கு எடையை வைத்தால் இரண்டாவது கட்டத்துக்கு மிச்சம் சிறியதாக இருக்கும். புள்ளி நடுப்பகுதியில் உலவத் தொடங்கியதும், அது எங்கே உலவினாலும் நிறுத்தாமல், அழுத்தத்தைச் சீராகக் கூட்டுங்கள். ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் ஷாட் போக வேண்டும். பத்து விநாடி ஆகிவிட்டால் கையை இறக்குங்கள். ஆட்டம் குறையும் என்று காத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. எட்டு விநாடிக்குப் பிறகு அது கூடத்தான் செய்யும்.

இதைப் பழக வெறும் வெள்ளை அட்டை உதவும். டார்கெட்டைத் திருப்பி வைத்து, வட்டமே இல்லாத பின்பக்கத்தை நோக்கிச் சுடுங்கள். நடு என்று ஒன்று இல்லாததால் விரல் எதற்கும் காத்திருக்காது. பிறகு ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாமல் டிரிக்கரை இழுத்துப் பழகுவது): டிரிக்கர் விடுபடும் கணத்தில் புள்ளி துள்ளுகிறதா, எந்தப் பக்கம் என்று பாருங்கள். கீழே குதித்தால் மணிக்கட்டு தளர்கிறது. பக்கவாட்டில் போனால் விரல் நேராகப் பின்னால் வரவில்லை, அல்லது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. திறந்த சைட்டைவிட ரெட் டாட்டில் இது துல்லியமாகத் தெரியும். பயிற்சிக் கருவியாக ரெட் டாட்டின் மிகப் பெரிய பயன் இதுதான். ஸ்பிரிங் பிஸ்டன் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் சுருளை விடுவிக்கக் கூடாது; பிஸ்டன் முன்சுவரில் மோதிச் சேதமாகும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு விஷயத்தைக் கவனித்து நோட்டில் எழுதுங்கள்: டிரிக்கர் விடுபட்டபோது புள்ளி டார்கெட்டில் எங்கே இருந்தது, ஜன்னலில் எங்கே இருந்தது. பிறகு பெல்லட் எங்கே விழுந்தது என்று பாருங்கள். புள்ளி டார்கெட்டில் இருந்த இடத்தில் பெல்லட் விழுந்தால் சைட் சரி, ஆட்டம் மட்டுமே பிரச்சினை. புள்ளி நடுவில் இருந்தும் பெல்லட் இடப்பக்கம் விழுந்து, ஜன்னலில் புள்ளி வலப்பக்கம் இருந்திருந்தால் பாரலாக்ஸ். ஜன்னலிலும் டார்கெட்டிலும் நடுவில்தான் இருந்தது, ஆனாலும் எல்லா ஷாட்டும் ஒரே பக்கம் விழுகிறது என்றால்தான் மவுண்ட் திருகு, ஜீரோ என்று சைட்டைப் பார்க்க வேண்டும். பேட்டரி பெரும்பாலும் சி.ஆர். 2032, ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், புள்ளி மங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டிக்குத் தயாராகிறவர்கள் ரெட் டாட்டை டிரிக்கர் பயிற்சிக்கும் ட்ரை ஃபயருக்கும் பயன்படுத்தலாம். ஆனால் போட்டிக்கு முன் சில வாரங்களாவது அதைக் கழற்றிவிட வேண்டும். திறந்த சைட்டில் பார்வை மறுபடியும் ஃப்ரண்ட் சைட்டுக்கு வர வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். கழற்றி மாட்டும்போது ரியர் சைட்டின் இடத்தைக் குறித்து வையுங்கள். அதை மாட்டியபின் திறந்த சைட்டுக்கும் புதிதாக ஜீரோ பார்த்தே தீர வேண்டும்.